கனிமம் கிடைக்காத துளைக்கு அரசு ஏன் செலவு செய்கிறது?

கேள்வி இது: "ஆஸ்திரேலியாவில், கீழே என்ன இருக்கிறதென்றே தெரியாத பொட்டல்வெளியில் அரசாங்கம் துளை போடுகிறதாமே? கனிமம் வேண்டுமென்றால் கம்பெனிக்காரன் போட்டுக்கொள்ள மாட்டானா?"

மாட்டான். கோர் லாகிங், அதாவது துளையிலிருந்து எடுத்த பாறையைப் பார்த்துப் பதிவுசெய்யும் வேலையில் இருப்பவன் என்பதால் இதை அடித்தே சொல்வேன். கம்பெனி போடும் ஒவ்வொரு மீட்டருக்கும் பங்குதாரர்களிடம் கணக்குச் சொல்லியாக வேண்டும். அதனால் பழைய சுரங்கத்தை ஒட்டியோ, பாறை வெளியே தெரியும் இடத்திலோதான் பெரும்பாலும் ரிக்கை (துளையிடும் எந்திரத்தை) நிறுத்துவார்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் உள்ள டென்னன்ட் கிரீக்குக்குக் கிழக்கே 2020 கடைசியில் போட்ட 10 துளைகளைப் பற்றி என்று நினைக்கிறேன். 1930களின் தங்க வேட்டையில் பேர் வாங்கிய ஊர் அது, செம்பும் கிடைத்தது. ஊரைத் தாண்டிக் கிழக்கே போனால் பார்க்லி சமவெளி, மாடு மேய்க்கும் பூமி. தங்கம் தந்த அதே பழம்பாறை அங்கேயும் தொடர்கிறதா என்று துளை போடும்வரை உறுதியாகத் தெரியாது, ஏனென்றால் சுண்ணாம்புப் பாறை எல்லாவற்றையும் மூடிக் கிடக்கிறது.

துளை போடாமல் கண்டுபிடிக்க முடியாதா? ஈர்ப்பு, காந்தம், நில அதிர்வு, மின்கடத்தல் என்று எல்லா அளவீடும் எடுத்தார்கள். சிக்கல் என்னவென்றால் அவை நேராகப் பாறையைக் காட்டுவதில்லை. ஈர்ப்பு கூடுதலாக இருந்தால் கீழே இரும்புத் தாது இருக்கலாம். ஒன்றுக்கும் உதவாத கனத்த எரிமலைப் பாறையாகவும் இருக்கலாம். எது என்று முடிவுசெய்யப் பாறையையே மேலே எடுக்க வேண்டும்.

நம்மூர் போர்வெல்லில் வருவது தூள். இதில் வளைய வடிவ வைர பிட் பாறையைச் சுற்றி அறுத்துக்கொண்டே இறங்கும்; நடுவில் நிற்கும் பாறை குழாய்க்குள் ஏறி, முழு உருளையாக மேலே வரும். அதுதான் கோர். அதைத் தட்டில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் ஆழம் எழுதிய கட்டையை வைப்போம். காய்ந்த கோரில் எல்லாமே சாம்பல் நிறம்தான். தண்ணீர் தெளித்தால்தான் நிறமும் கீற்றும் எழும்பும். ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டுப் பொங்கினால் சுண்ணாம்பு என்று குறித்துக்கொள்ளலாம். பொங்குவது நின்று வேறு பாறை தொடங்கும் இடம்தான் லாகிங் செய்பவனுக்குத் தீபாவளி. பார்க்லியில் அந்தக் கோட்டுக்கு மேலே சுமார் 50 கோடி ஆண்டுப் பாறை, கீழே 180 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட பாறை. இடையில் நூறு கோடி ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தின் பாறையையே காணோம். உள்ளங்கையை வைத்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடலாம்.

வயதை எங்கள் கண் சொல்லாது. கோரிலிருந்து சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளைப் பிரித்து, அதிலுள்ள யுரேனியமும் ஈயமும் எவ்வளவு என்று அளந்தால் தெரியும். அந்த வயதும் பாறை வகையும் கைக்கு வந்தபின் பழைய அளவீடுகளையெல்லாம் திரும்பத் திருத்தி வாசிக்கலாம். ஒரு துளையின் பலன் சுற்றியுள்ள பெரும் பரப்புக்கும் போய்ச் சேர்வது அப்படித்தான்.

கம்பெனிகளே துணிந்து மூடிய நிலத்தில் இறங்கியதும் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேம் சுரங்கம் அப்படிப்பட்ட கதை. வெஸ்டர்ன் மைனிங் கார்ப்பரேஷன் 1975இல் ஈர்ப்பும் காந்தமும் ஒருங்கே எகிறிய இடத்தில் முதல் துளையைப் போட்டது. முந்நூறு மீட்டருக்கும் மேல் வெறும் மூடுபாறையைத் துளைத்தபின் செம்பு தட்டியது. அடுத்து போட்டவற்றில் பல சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 1976இல் பத்தாவது துளையில்தான் பெரிய தாதுப்படிவம் சிக்கியது. வேடிக்கை, அவர்கள் தேடிப் போனது மாற்றமடைந்த பசால்ட் என்ற எரிமலைப் பாறையை. கிடைத்ததோ ஹெமடைட் என்ற இரும்புக் கனிமம் நிறைந்த உடைபாறை. செம்போடு யுரேனியம், தங்கம், வெள்ளியும் சேர்ந்து வந்தன. ஒன்பதாவது துளையோடு பணப்பையை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன். எல்லாக் கம்பெனிக்கும் அந்தப் பொறுமை இருக்காது.

அரசு துளையில் இன்னொரு வசதி, முடிவுகள் பொதுவில் வந்துவிடும். கம்பெனி தன் தரவை முடிந்தவரை பூட்டி வைக்கும், அது இயல்பு. டென்னன்ட் கிரீக் கிழக்கில் அளவீட்டு முடிவுகள் வெளியாகத் தொடங்கியதுமே கம்பெனிகள் ஆய்வு உரிமம் கேட்டு வரிசையில் நின்றன. நீங்கள் கேட்ட கம்பெனிக்காரன் வந்தான், ஆனால் இரண்டாவதாக. கோரும் கிடங்கில் பத்திரமாக இருக்கிறது. இன்று செம்புக்காகப் பார்த்த அதே தட்டை நாளைக்கு வேறொருவர் கோபால்ட்டுக்காகக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.