கடைசிப் படகு எத்தனை மணிக்கு?

கேள்வி: கடையோ கட்டடமோ எதுவும் இல்லாத ஒரு மணல் தீவுக்கு ஃபெர்ரியில் போய் அன்றே திரும்ப ஆசை. 6 வயதுப் பேரனும் முழங்கால் வலியுள்ள என் கணவரும் கூட வருகிறார்கள். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினால் நல்லது? (ஒரு வாசகி)

பதில்: காலைப் படகு இருக்கட்டும் சகோதரி, திரும்பி வரும் படகை முதலில் விசாரியுங்கள். பயணிகள் படகில் கயிறு பிடித்துப் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். போகும்போது யாரும் எங்களோடு சண்டை போட்டதில்லை. சண்டையெல்லாம் சாயங்காலம்தான். தீவில் இருக்கும் அத்தனை பேரும் கடைசிப் படகுக்கே வந்து நிற்பார்கள். படகில் இத்தனை பேர்தான் என்று கணக்கு இருக்கிறது. அதற்கு மேல் ஒரு குழந்தையைக்கூட ஏற்ற முடியாது. ஆகவே கடைசிக்கு முந்தின படகில் திரும்புவதாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நாளைத் திட்டமிடுங்கள். திரும்பும் சீட்டில் எந்தப் படகிலும் ஏறலாமா என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

காற்றும் ஒரு காரணம். வெயில் ஏற ஏற, நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும். கடலிலிருந்து கரைக்குக் காற்று கிளம்பும். மதியத்துக்குப் பிறகு அது வலுக்கும். காலையில் அசையாமல் கிடந்த அதே கடல், திரும்பும்போது படகைத் தூக்கிப் போடும். வாந்தி மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை. ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். பேரனுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உட்காரப் படகின் நடுப்பகுதிதான் நல்லது, ஆட்டம் அங்கேதான் குறைவு.

உங்கள் கணவருக்காக ஒன்று கேட்டு வையுங்கள்: தீவில் இறங்குதுறை இருக்கிறதா? இல்லையென்றால் படகின் முன்பக்கத்தை மணலில் முட்டவைத்து ஏணியை இறக்குவார்கள். கடைசிப் படிக்கும் மணலுக்கும் நடுவே முழங்கால் அளவு தண்ணீர் இருக்கும். அலை பின்வாங்கும்போது காலுக்கடியில் இருக்கும் மணலும் சேர்ந்து நகரும்; கால் வலிக்காரர்கள் தடுமாறுவது அந்த ஒரு நொடியில்தான். அவர் ஏணியைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கட்டும். பையை வேறு யாராவது வாங்கிக்கொள்ளுங்கள். பின்வார் இல்லாத செருப்பு முதல் அலையிலேயே போய்விடும்.

சில துறைகளில் கடல் ஏற்றத்தைப் பார்த்துத்தான் படகு விடுவார்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். அதாவது நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரம் போய்வந்தவர் சொல்லும் நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் அதிகம் என்பதால், பாயைக் கொஞ்சம் மேடாகவே விரியுங்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட தீவுக்கு என்னவெல்லாம் கொண்டுபோக வேண்டும்?

பதில்: தண்ணீர். மற்றதெல்லாம் அப்புறம். தலைக்கு 3 லிட்டராவது வேண்டும். நாலு பேருக்கு 12 கிலோ ஆகிறது. ஒரே கேனில் கொண்டுவந்தால் மணலில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது, பிரித்து எடுங்கள். அடுத்தது நிழல். சாதாரணக் குடை காற்றில் பறந்துவிடும். நாலு துணிப்பைகளில் மணலை நிரப்பிப் புதைத்து, அவற்றில் ஒரு துணியின் மூலைகளை இழுத்துக் கட்டினால் நிற்கும். நிழலில் இருக்கிறோமே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். உலர்ந்த மணல், தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தை மேலே திருப்பி அனுப்பும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூசுங்கள்.

கேள்வி: கழிப்பறை இல்லை என்கிறார்களே, பெண்கள் என்ன செய்வது?

பதில்: தண்ணீர் குடிக்காமலேயே சமாளித்துவிடலாம் என்று வருகிறவர்கள் நிறைய. வெயிலில் மயங்கி விழவும் அவர்கள்தான் முந்துவார்கள். விரித்தால் தானே நிற்கும் சின்னக் கூடாரம் கிடைக்கிறது. இறுக்கி மூடும் பைகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். பையைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும், புதைக்கக் கூடாது. அடுத்த பெரிய அலை தோண்டி எடுத்துவிடும்.

கேள்வி: அலை குறைவாக உள்ள இடமாகப் பார்த்துக் குளிக்கலாமா?

பதில்: அந்த இடத்தைத்தான் தவிர்க்க வேண்டும். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவே மட்டும் ஒரு பட்டை அமைதியாக, கொஞ்சம் கருமையாகத் தெரிந்தால், கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவையை விட்டு விலகியபின் கரைக்குத் திரும்புங்கள். முடியாவிட்டால் மிதந்துகொண்டே கையை உயர்த்துங்கள். உயிர்காப்பாளர் இல்லாத தீவென்றால் குழந்தைகள் முழங்கால் தண்ணீரைத் தாண்டவே வேண்டாம். பெரியவர் ஒருவர் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும், செல்போன் இல்லாமல்.