முதல் பிரசவம் சிசேரியன். அடுத்தது நார்மலாக ஆகுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் இருக்கிறோம். எனக்கு வயது 28. மூன்று வருடம் முன்பு, குழந்தையின் தலை கீழே திரும்பவில்லை என்று சிசேரியன் செய்தார்கள். இப்போது ஐந்தாம் மாதம். நவம்பரில் தேதி. "ஒரு தடவை ஆபரேஷன் என்றால் அடுத்ததும் ஆபரேஷன்தான்" என்கிறார் மாமியார். நார்மல் டெலிவரிக்கு முயற்சி செய்யலாமா, டாக்டர்?

பதில்: செய்யலாம் அம்மா. உங்கள் மாமியார் சொல்வது ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னதுதான். அப்போது கர்ப்பப்பையை மேலிருந்து கீழாக நீளவாக்கில் வெட்டுவார்கள். அந்தத் தையல் பிரசவ வலியில் பிரிந்துவிடும் அபாயம் அதிகம். இப்போது பெரும்பாலும் அடிப்பகுதியில் குறுக்காக வெட்டுகிறோம். அப்படிப்பட்ட தழும்போடு முயற்சி செய்கிறவர்களில் 100-க்கு 60 முதல் 80 பேருக்கு நார்மலாகவே ஆகிறது. உங்களுக்கு முதல் ஆபரேஷன் நடந்தது குழந்தை இருந்த நிலையால். இந்தக் குழந்தையின் தலை கீழே வந்துவிட்டால் அந்தக் காரணமே இல்லை. மூன்று வருட இடைவெளியும் நல்லதுதான்.

ஆனால் வயிற்றின் மேல் தெரியும் தழும்பை வைத்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரி, அதாவது ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை தரும் விவரச் சீட்டு, வேண்டும். தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண் அதை ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் மடித்துக் கொண்டுவந்தார். மடிப்பில் கிழிந்திருந்தாலும் "கீழ்ப்பகுதி, குறுக்கு வெட்டு" என்ற வரி தெளிவாக இருந்தது. அந்த ஒரு வரியை வைத்துத்தான் நாங்கள் பேச்சையே தொடங்கினோம். உங்களுடையது தொலைந்திருந்தால், ஆபரேஷன் நடந்த இடத்தில் நகல் கேளுங்கள், இந்த வாரமே.

எனக்குப் பெரிய கவலை உங்கள் தழும்பு இல்லை, சாலைதான். குறுக்குத் தழும்பு பிரிவது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு. அந்த ஒருவராக இருந்துவிட்டால், அரை மணி நேரத்துக்குள் குழந்தையை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குப் பகலிலேயே அதைவிட அதிக நேரம் ஆகும். அதுவும் உங்கள் தேதி வடகிழக்குப் பருவமழைக் காலம். 2009 நவம்பரில் மண்சரிவால் நீலகிரிச் சாலைகள் துண்டானதை மலையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் வலி வந்தபின் கிளம்பலாம் என்ற யோசனையே வேண்டாம். 37 வாரம் ஆனதும் ஊட்டியிலோ கோவையிலோ, பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் முன்னதாகவே அட்மிட் செய்வார்களா என்று உங்கள் கிராம செவிலியரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் நேராகவே கேளுங்கள்: இரவு இரண்டு மணிக்கும் ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருத்துவர், ரத்தம் மூன்றும் இருக்குமா? வலி நேரம் முழுக்கக் குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பார்ப்பார்களா? தேதி தாண்டினால் என்ன செய்வார்கள்? வலியை வரவழைக்கும் மருந்துகள் தழும்பு பிரியும் அபாயத்தைக் கூட்டும். வலி வரவழைக்க மிசோப்ரோஸ்டால் மாத்திரை உங்களுக்கு வைக்கவே கூடாது.

நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால் முயற்சியே வேண்டாம், ஆபரேஷன்தான். எல்லாம் சரியாக இருந்தும் உங்களுக்கே பயம் போகவில்லை என்றால், 39 வாரத்தில் தேதி குறித்து ஆபரேஷன் செய்துகொள்வதும் நல்ல முடிவுதான். மூன்றாவது குழந்தை ஆசை இருந்தால் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும் நஞ்சுக்கொடி தழும்பில் ஒட்டிக்கொள்ளும் அபாயம் ஏறிக்கொண்டே போகும்.

பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, வலி விட்ட இடைவெளியிலும் தையல் பக்கம் விடாமல் வலித்தாலோ உடனே கிளம்புங்கள். 108-க்குப் போன் செய்தால் முதல் வார்த்தையே "முன்பு சிசேரியன் ஆனவள்" என்பதாக இருக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள், மாமியாருக்கும்.