பாலைவனம்தானே என்று ஸ்வெட்டரை விட்டுப் போகாதீர்கள்

கேள்வி: ஒஹாயோவில் எம்.எஸ். படிக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி. மார்ச் நடுவில் ஒரு வாரம் ஸ்பிரிங் பிரேக் விடுமுறை. நண்பர்கள் ஐந்து பேர் லாஸ் வேகாஸ் வரை விமானத்தில் போய், அங்கிருந்து வாடகைக் காரில் அரிசோனாவில் இருக்கும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். ஒரே நாளில் கீழே ஓடும் கொலராடோ ஆறு வரை இறங்கி ஏறிவிட வேண்டும் என்று திட்டம். பாலைவனம் என்பதால் டி-ஷர்ட், ஷார்ட்ஸ், சன்ஸ்கிரீன் எடுத்து வைத்திருக்கிறேன். அம்மா கொடுத்த இட்லிப் பொடியும் ஊறுகாயும் இருக்கின்றன. வேறு என்ன எடுத்துக்கொள்ள வேண்டும்? அம்மாவுக்கு இந்தப் பயணம் என்றாலே பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் மாணவர்

பதில்: தம்பி, கட்டி வைத்த பையை முதலில் அவிழ்த்துவிடுங்கள். நீங்கள் போகிற இடம் பாலைவனம்தான். ஆனால் பள்ளத்தாக்கின் தென் விளிம்பு எனப்படும் அந்தப் பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம். மார்ச்சில் பகலிலேயே சராசரியாக 10, 11 டிகிரி செல்சியஸ்தான், ராத்திரியில் உறைநிலைக்குக் கீழே போய்விடும். ஒரு மார்ச் மாதம் நான் போனபோது பார்வை மேடையின் கைப்பிடிக் கம்பியில் பனி ஒட்டிக் கிடந்தது. அரை டிராயரும் டி-ஷர்ட்டுமாக ஒரு கல்லூரிக் கூட்டம் வந்து இறங்கியது. கையை அக்குளில் சொருகிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள், நாலு படம் எடுத்தார்கள், ஓடிப்போய் காரில் ஏறிக்கொண்டார்கள். அவ்வளவு தூரம் வந்த பிள்ளைகள் அந்தப் பள்ளத்தைப் பார்த்தது ஐந்து நிமிஷம். எனக்கு மனசே ஆறவில்லை.

அதே நேரம், கீழே இறங்க இறங்கச் சூடு ஏறும். ஆற்றங்கரையில் அதே மார்ச் பகல் 20 டிகிரியைத் தாண்டும். அதனால் ஒரே ஒரு கனத்த கோட்டை நம்பாதீர்கள். உள்ளே ஒன்று, நடுவே ஒரு ஸ்வெட்டர், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று மூன்றாகப் போட்டால், நடக்க நடக்க ஒவ்வொன்றாகக் கழற்றலாம். உள்ளே போடுவது பருத்தியாக இருக்க வேண்டாம். நம் திருப்பூர் பனியன் வெயிலுக்கு அருமையானது, ஆனால் குளிரில் வியர்த்தால் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு முதுகில் ஐஸ் வைத்த மாதிரி உட்கார்ந்துவிடும். உடற்பயிற்சிக்குப் போடுகிற, சீக்கிரம் உலரும் துணி போதும். காதை மூடும் குல்லாய், கையுறை இரண்டையும் மறக்காதீர்கள்.

அப்புறம், ஆறு வரை இறங்கி அன்றே ஏறும் திட்டம். அதைக் கைவிடச் சொல்கிறேன். இது என் பயம் மட்டும் இல்லை, கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் நிர்வாகமே ஒரே நாளில் அப்படிச் செய்யாதீர்கள் என்றுதான் எச்சரிக்கிறது. வெள்ளியங்கிரி ஏறியிருக்கிறீர்களா? ஏழு மலையில் மூன்றாவது மலையிலேயே மூச்சு வாங்கினால், கம்பை ஊன்றிக்கொண்டு இறங்கிவிடலாம். இங்கே எல்லாம் தலைகீழ். தெம்பு இருக்கும்போது இறக்கம், கால் ஓய்ந்த பிறகு ஏற்றம். ஆற்றங்கரையில் நிற்கும்போது தலைக்கு மேலே 4,500 அடி பாக்கி இருக்கும். இறங்க ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக, தென் விளிம்பிலிருந்து இறங்கும் சவுத் கைபாப் என்ற பாதையில் சீடர் ரிட்ஜ் என்ற இடம் வரை போய்வாருங்கள். ஒன்றரை மைல் இறக்கம்தான், ஆனால் பள்ளத்தாக்கு இருபுறமும் விரிந்து கிடப்பதை அங்கே நின்று பார்க்கலாம். அந்தப் பாதை தொடங்கும் இடத்துக்குச் சொந்தக் காரில் போக முடியாது, பூங்காவின் இலவசப் பேருந்தில்தான் போக வேண்டும்.

அந்த ஒரு நாளைக்கு முதுகில் போடுகிற சின்னப் பை பெரிய பெட்டியை விட முக்கியம். அந்தப் பாதையில் தண்ணீர் கிடையாது, ஆளுக்கு மூன்று லிட்டர் மேலிருந்தே சுமந்து போங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. வியர்வையில் உப்பு போய், ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைசுற்றி வாந்தி வரும். மணிக்கு ஒரு தடவை உப்புக் கடலை, காராசேவு என்று ஏதாவது வாயில் போட்டுக்கொண்டே இருங்கள். பாதையின் மேல்பகுதியில் நிழல் விழும் இடங்களில் மார்ச்சிலும் ஐஸ் இருக்கும். ஷூவின் மேல் மாட்டிக்கொள்கிற இரும்புப் பற்கள் உண்டு, மைக்ரோஸ்பைக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். புது ஷூவை அங்கே போய்ப் பிரிக்காதீர்கள், இன்றிலிருந்தே போட்டு நடந்து பழக்குங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கால் நகத்தை வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் கட்டைவிரல் ஷூவின் முனையில் போய் இடிக்கும், நகம் நீண்டிருந்தால் சாயங்காலம் கறுத்துப் போயிருக்கும். எனக்கு அந்த நகம் விழுந்து முளைக்க மாதக்கணக்கில் ஆனது.

உங்களுடையது எஃப்-1 என்ற மாணவர் விசாவாகத்தான் இருக்கும். உள்நாட்டுப் பயணம்தானே என்று பாஸ்போர்ட்டை அறையில் பூட்டி வைக்க வேண்டாம். பாஸ்போர்ட், கல்லூரி கொடுத்த ஐ-20 படிவம், அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94இன் அச்சுப் பிரதி மூன்றும் ஒரு பிளாஸ்டிக் உறையில் உங்களோடேயே இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். 2025 மே 7 முதல் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் ரியல் ஐடி (மத்திய அரசின் பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்ட அடையாள அட்டை) முத்திரை இல்லாத ஓட்டுநர் உரிமம் மட்டும் போதாது. பாஸ்போர்ட் இருந்தால் கவலையே இல்லை. கிளம்பிய பிறகு யாராவது, அப்படியே மெக்சிகோவை எட்டிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐ-20இல் கல்லூரி போடும் பயணக் கையெழுத்து, விசா தேதி எல்லாம் பார்க்காமல் எல்லையைத் தாண்டுகிற விஷயம் அல்ல அது.

ஊறுகாய் 100 மில்லியைத் தாண்டினால் கைப்பையில் விடமாட்டார்கள், எண்ணெயில் குழைத்த பொடிக்கும் அதே கதி. செக்-இன் பெட்டி இருந்தால் அதில் போடுங்கள், இல்லையென்றால் பொடியை உலர்வாகக் கொஞ்சம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு, கைப்பையில்தான் இருக்க வேண்டும். குளிரில் போன் சார்ஜ் மளமளவென்று இறங்கும் என்பதால் அது அவசியம் வேண்டும்.

காரைப் பற்றி இரண்டே விஷயம். 25 வயது ஆகாத ஓட்டுநருக்கு வாடகையோடு தினப்படி கூடுதல் கட்டணம் போடுவார்கள், யார் ஓட்டுவது என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். வேகாஸிலிருந்து ஏறக்குறைய 280 மைல். இருட்டுவதற்கு முன் போய்ச் சேர்கிற மாதிரி கிளம்புங்கள், பூங்காவை நெருங்கும் சாலையில் எல்க் மான்கள் குறுக்கே வந்து நிற்கும்.

அம்மாவிடம் ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள் என்று மட்டும் சொன்னால் பயம் போகாது. ஆறு வரை போகவில்லை, கொஞ்ச தூரம் இறங்கிவிட்டுத் திரும்பிவிடுவோம் என்று சொல்லுங்கள். இறங்கிய பிறகு போன் எடுக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேலே வந்து அரிசோனா நேரம் மாலை 6 மணிக்குக் கூப்பிட்டால் திருநெல்வேலியில் மறுநாள் காலை ஆறரை. எத்தனை மணிக்குக் கூப்பிடுவீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்குங்கள், அந்த நேரத்துக்குத் தவறாமல் கூப்பிடுங்கள்.