இரண்டு ஸ்கேன், இரண்டு அளவு: வாப்பாவின் மூளை சுருங்கிவிட்டதா?

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறோம். வாப்பாவுக்கு 71 வயது, மறதி கூடிவிட்டது. ஆறு மாதம் முன்பு ராமநாதபுரத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இடது ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி 3.4 கன சென்டிமீட்டர். போன வாரம் மதுரையில் எடுத்ததில் 2.8. இவ்வளவு வேகமாகவா சுருங்கும்?

பதில்: அல்சைமர் நோயிலேயே ஹிப்போகேம்பஸ் வருடத்துக்குச் சராசரியாக 4, 5 சதவீதம்தான் சுருங்கும். உங்கள் கணக்கில் ஆறே மாதத்தில் ஏறக்குறைய 18 சதவீதம். நோயைவிட, அளந்த முறை மாறியிருக்கும் என்றுதான் முதலில் சந்தேகிப்பேன்.

புது நினைவுகளைப் பதிய உதவும் இந்தப் பகுதிக்கு ஸ்கேனில் எல்லாப் பக்கமும் தெளிவான எல்லை கிடையாது. முன்முனையை ஒட்டியிருக்கும் அமிக்டலா என்ற இன்னொரு மூளைப்பகுதியும் அதே சாம்பல் நிறம். மண்டபத்தில் நின்று பார்த்தால் வடகடல் எங்கே முடிந்து தென்கடல் எங்கே தொடங்குகிறது என்று தண்ணீரில் கோடு தெரிகிறதா? அப்படித்தான் இதுவும். கோட்டை அளப்பவர்தான் போட வேண்டும். ஹிப்போகேம்பஸின் பின்முனையான வால்பகுதியைச் சிலர் முழுதாகச் சேர்த்தார்கள், சிலர் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஆய்வுகளில் வந்த அளவுகள் இரண்டு மடங்குக்கு மேல்கூட வேறுபட்டன. அதனால் ஐரோப்பிய, அமெரிக்க அல்சைமர் ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து, முழு ஹிப்போகேம்பஸுக்கும் ஒரே வரையறையை உருவாக்கி 2015-இல் வெளியிட்டன.

ஹிப்போகேம்பஸின் உட்பிரிவுகளை அளப்பது இன்னும் சிக்கல். அதே 2015-இல் வந்த ஓர் ஆய்வில், ஒரே மூளையின் படத்தில் 21 முறைகளை ஒப்பிட்டார்கள். சிஏ1 என்ற உட்பிரிவு முடிந்து சுபிகுலம் என்ற அடுத்த பகுதி தொடங்கும் இடத்தில் பெரிய கருத்து வேறுபாடு இருந்தது. ரிப்போர்ட்டில் உட்பிரிவு அளவு இருந்தால் அதை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? இரண்டு மையங்களிலும் மூல டிகாம் படங்களை (ஸ்கேனின் டிஜிட்டல் கோப்புகள்) சிடியில் கேட்டு வாங்குங்கள். ஃபிலிம் போதாது. ஒரே ரேடியாலஜிஸ்ட் இரண்டையும் ஒரே முறையில் அளக்கட்டும்; இந்தப் பகுதி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று படத்தைக் கண்ணால் பார்த்து 0 முதல் 4 வரை போடும் எம்.டி.ஏ. மதிப்பெண்ணையும் கேளுங்கள். இயந்திரமும் படமெடுத்த விதமும் மாறினாலே அளவு கொஞ்சம் மாறும். ஆகவே அடுத்த ஸ்கேன் தேவைப்பட்டால் இந்த இரண்டில் ஒரு மையத்திலேயே, அதே இயந்திரத்தில் எடுங்கள்.

அதற்கு முன்னால், வாப்பாவுக்கு பி12, தைராய்டு பார்த்தாச்சா? இவை குறைந்தாலும் மறதி வரும், மருந்தும் உண்டு. நரம்பியல் மருத்துவரிடம் நினைவாற்றல் சோதனையும் செய்யுங்கள். வாப்பா பணம், மருந்து, தொழுகை நேரம் இவற்றைத் தானே பார்த்துக்கொள்கிறாரா என்று வீட்டிலுள்ளவர்கள் எழுதிக் கொண்டுபோனால் மருத்துவருக்கு அது அந்த 2.8-ஐவிட அதிகம் உதவும்.