பழைய பைக்கிற்குப் பின்புற ஷாக் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி

இரட்டை ஷாக் கொண்ட பழைய பைக்கின் பின்பக்கம் தொய்ந்துவிட்டது, எந்த நிறுவனத்தின் ஷாக் அப்சார்பரை வாங்கலாம், நைட்ரஜன் வாயு அடைத்த தனி காஸ் டப்பா வைத்தது கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தனியாகவும், எப்போதாவது பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டும் சாதாரணச் சாலையில் ஓட்டுபவர் என்று எடுத்துக்கொள்கிறேன். நிறுவனத்தின் பெயர் இரண்டாவது கேள்வி. உங்கள் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் அதில் கிடைக்குமா என்பதுதான் முதல் கேள்வி.

என் வண்டியும் இதே நிலையில்தான் இருந்தது. என் எடை 60 கிலோ. வாரக் கடைசியில் என் தந்தை பின்னால் உட்கார்ந்து வருவார். அவருக்கு இடுப்பு வலி உண்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் என் தோளை இறுகப் பற்றுவது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. "பழைய வண்டி என்றால் கடினமான ஸ்பிரிங் போடு, சரியாகிவிடும்" என்றே எல்லோரும் சொன்னார்கள். வாங்குவதற்கு முன் அளந்து பார்த்துவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அளப்பது எளிது: சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, அச்சிலிருந்து அதற்கு நேர் மேலே சட்டத்தில் ஓர் இடம் வரை அளக்க வேண்டும், பிறகு வண்டியைத் தரையில் நிறுத்தி ஆள் ஏறாமல் ஒருமுறையும், வழக்கமான உடையுடன் ஏறி உட்கார்ந்து ஒருமுறையும் அளக்க வேண்டும். ஆள் ஏறியபின் இறங்கும் அளவு, சக்கரத்தின் மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது சாலை வண்டிகளில் 30 முதல் 40 மி.மீ. வரை இருக்கலாம். ஆள் இல்லாமல் வண்டி தன் எடையால் மட்டும் 5 முதல் 15 மி.மீ. வரை இறங்க வேண்டும்.

என் வண்டியின் மொத்த அசைவு 100 மி.மீ.தான். பழைய ஷாக்கில் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை, கடைசிப் படி வரை ஏற்றியும் நான் உட்கார்ந்தால் 40 மி.மீ. இறங்கியது. நண்பர் ஒருவர் தன் வண்டிக்கு வாங்கியிருந்த, எல்லோரும் புகழ்கின்ற, காஸ் டப்பா வைத்த ஜோடியைக் கழற்றிக் கொடுத்தார். பிரீலோடை முழுவதும் தளர்த்திய பிறகும் அது 16 மி.மீ.க்கு மேல் இறங்கவில்லை. அன்று ஓட்டிப் பார்த்தபோது சிறு மேடுகள்கூட நேராக முதுகெலும்பில் வந்து அடித்தன. பொருள் தரமானதுதான், அந்த ஸ்பிரிங் என்னைவிட மிகவும் கனமான ஒருவருக்கானது.

பிரீலோடைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது வண்டியின் பின்பக்க உயரத்தை மாற்றுமே தவிர, ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது. ஆள் ஏறியபின் உள்ள அளவு சரியாக இருந்தும் ஆள் இல்லாதபோது வண்டி சற்றும் இறங்காமல் நின்றால், மெலிந்த ஸ்பிரிங்கைப் பிரீலோடால் இறுக்கி நிறுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள்.

விற்பவர்கள் மீது எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஷாக்கின் நீளத்தையும் நிறத்தையும் பெரிதாகப் போடுகிறவர்கள், ஸ்பிரிங்கின் எண்ணை, அதாவது ஒரு மில்லிமீட்டர் அழுத்த எத்தனை கிலோ அல்லது எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்பதை, எங்கும் எழுதுவதில்லை. நான் எழுதிக் கேட்ட ஒரு விற்பனையாளர், "எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்று மட்டும் பதில் அனுப்பினார். உயிரைத் தாங்கும் ஒரு பாகத்தை விற்பவர் சொல்லக்கூடிய பதிலா அது? மற்றொருவர் என் எடை, பின்னால் உட்காருபவரின் எடை, சுமை, எப்படிப்பட்ட சாலை என்று எல்லாவற்றையும் கேட்டு, அதற்கேற்ற ஸ்பிரிங்குடன் கட்டித் தந்தார். அதில் காஸ் டப்பா கிடையாது. நான் உட்கார்ந்தால் 31 மி.மீ. இறங்குகிறது; தந்தை ஏறும் நாளில் பிரீலோடை இரண்டு படி ஏற்றிக்கொள்கிறேன். அவர் இப்போது என் தோளைப் பிடிப்பதில்லை.

ஸ்பிரிங்கைப் பற்றியே பேசுகிறானே, டேம்பிங் (ஸ்பிரிங்கின் துள்ளலை ஆயில் கொண்டு அடக்குவது) தெரியாதவன் என்று சிலர் எழுதக்கூடும். தெரிந்தே சொல்கிறேன்: ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால், அது திரும்பி எழும் வேகத்தை அடக்கும் ரீபவுண்ட் டேம்பிங்கும் கூட வேண்டும், இல்லையேல் பின்பக்கம் துள்ளும். அதையே அளவுக்கு மீறி இறுக்கினால், அடுத்தடுத்த பள்ளங்களில் ஷாக் எழ நேரமின்றித் தாழ்ந்துகொண்டே போகும். ஸ்பிரிங் சரியாக அமையாத வரை இந்த டேம்பிங் திருகை எந்தப் பக்கம் திருப்பியும் பயனில்லை என்பதே என் வாதம்.

காஸ் டப்பாவையும் நான் குறை சொல்லவில்லை. ஆயிலும் வாயுவும் ஒரே குழாயில் கலந்திருந்தால், நீண்ட நேரம் கரடுமுரடான பாதையில் ஓடும்போது நுரை கட்டி டேம்பிங் குறையும். நைட்ரஜனைப் பிஸ்டனோ ரப்பர் பையோ கொண்டு பிரித்து வைத்தால் அது தடுக்கப்படும்; டப்பா இருந்தால் ஆயிலின் அளவும் கூடுவதால் சூடு மெதுவாக ஏறும். நீங்கள் ஓட்டும் விதத்திற்கு அது கட்டாயமில்லை. ஆயில் சீல் மாற்றி, ஆயிலும் காஸும் நிரப்பிப் பழுது பார்க்கக்கூடிய வகையா என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன். ஓலின்ஸ், ஹேகன், ஐகான், ஒய்எஸ்எஸ் ஆகியவை பழைய வண்டிகளுக்கும் இரட்டை ஷாக் செய்கின்றன. எவரிடம் வாங்கினாலும் எடையைச் சொல்லி ஸ்பிரிங் எண்ணை எழுத்தில் கேளுங்கள்.

ஷாக்கின் நீளத்தைக் கண்ணுக்குக் கண், அதாவது இரு முனைகளின் போல்ட் துளை மையங்களுக்கு இடையே அளந்து, பழையதற்கு நெருக்கமாகவே எடுங்கள். 10 மி.மீ. கூடினாலே பின்பக்கம் உயர்ந்து, முன் ஃபோர்க் செங்குத்தாகி, ஹேண்டில் படபடப்பாகும். செயின், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உரசலாம், சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகம் சாயும். முழுதும் அழுந்தியபோது டயர் மட்கார்டில் இடிக்காமல் இருக்கிறதா என்பதையும், ஷாக்கின் முனைத் துளையிலுள்ள புஷ்ஷின் உள்விட்டம் உங்கள் போல்ட்டுக்குப் பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்து ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அந்த ஆட்டத்தை எந்த ஷாக்காலும் மறைக்க முடியாது. புதியதைப் பூட்டிச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், இறங்கும் அளவை மறுபடியும் அளந்து பிரீலோடைத் திருத்திக்கொள்ளுங்கள்.