விடியற்காலையில் வானம் 3 பாகை காட்டுவது ஏன்?

தொடாமலே வெப்பக் கதிரைக் கொண்டு வெப்பநிலை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை வானத்தை நோக்கிப் பிடித்தால், காற்றில் நீராவி கூடும்போது அளவும் உயரும்; விடியலில் அளவு உயர்ந்தது அதனால்தானா என்று கேட்டிருந்தீர்கள். நீராவி கூடவில்லை. உங்கள் மானியின் வில்லையில் பனி படிந்திருக்கிறது.

நுவரெலியாவில் வானம் முன்னிரவில் −22 பாகை, விடிய 5 மணிக்கு 3, மேகமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த நேரம் காற்றும் 4 பாகைதானே? அதுதான் துப்பு. இரவு முழுக்க வெட்டவெளியில் வானத்தைப் பார்த்தபடி கிடக்கும் வில்லை, காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதில் படியும் மெல்லிய நீர்ப்படலமே, மானி உணரும் 8–14 மைக்ரோமீட்டர் அலைநீள வெப்பக் கதிர்களை மறித்துவிடும். அப்புறம் நீங்கள் அளப்பது வானத்தை அல்ல, அந்தத் துளியை. தேயிலைக் கொழுந்தில் உறைபனி வெள்ளையாய்ப் பிடிக்கிற சனவரியில் எனக்கும் ஒரு கிழமை அளவீடு இப்படித்தான் வீணாய்ப் போனது.

மானியை மூடியோடு விறாந்தையில் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். வில்லையை உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றிவிட்டு, நேர் உச்சியை உடனே அளங்கள். −20 பக்கம் இறங்கினால் சரி. இறங்காவிட்டால் ஐஸ் மிதக்கும் தண்ணீரை அளந்து பாருங்கள். 0 கிட்ட வர வேண்டும்.

ஒன்று மட்டும்: 8–14 என்பது நீராவி குறைவாக உறிஞ்சும் சாளரம்; அதன் வலுவான உறிஞ்சல்களில் ஒன்று 6.3 மைக்ரோமீட்டரைச் சுற்றி இருக்கிறது. ஆனால் மேகம் அந்தச் சாளரத்திலும் வெப்பக் கதிரை வீசும்; அதனால் கண்ணுக்குப் படாத மெல்லிய உயர்மேகம்கூட நீராவி கூடியதுபோல் ஏய்க்கும்.