கையில் 40 சதவீத ஊனம்: தச்சருக்கு வருமான இழப்பு எவ்வளவு?

கேள்வி: என் அண்ணன் தச்சர், வயது 38. நான்கு மாதங்களுக்கு முன் கார் மோதியதில் வலது மணிக்கட்டு நொறுங்கித் தகடு வைத்திருக்கிறார்கள். தனியார் மருத்துவர் ஒருவர் ‘வலது கையில் 40 சதவீத நிரந்தர ஊனம்’ என்று சான்றிதழ் கொடுத்தார். உடல் முழுவதற்கும் கணக்கிட்டால் 20 சதவீதம்தான், வருமான இழப்பும் அவ்வளவே என்கிறது காப்பீட்டுத் தரப்பு. சரிதானா?

தடயவியல் மருத்துவர் பதில்: முதல் பாதி நியாயம். கைக்கு மட்டும் மதிப்பிட்ட சதவீதத்தை அப்படியே உடல் முழுவதற்கும் ஏற்ற முடியாது. இரண்டாம் பாதியை ஏற்காதீர்கள். ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன உதாரணமே தச்சரைப் பற்றியதுதான். இடது கையை இழந்த தச்சர் தொழிலையே செய்ய முடியாமல் போனால் அவரது இழப்பு ஏறக்குறைய 100 சதவீதம்; அரசு எழுத்தரோ அதே நிலையில் வேலையில் தொடரக்கூடும். ஊனத்தை அளப்பது மருத்துவர் பொறுப்பு. அதனால் பிழைப்பு எவ்வளவு போயிற்று என்று தீர்மானிப்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்.

வித்தியாசம் சிறியதன்று. மாத வருமானம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சுயதொழில் செய்யும் 38 வயதினருக்கு எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் கூட்டி, ஆண்டு வருமானமாக்கி, அந்த வயதுக்குரிய 15 என்ற பெருக்கு எண்ணால் கணக்கிட்டால், 20 சதவீத இழப்புக்கு 10,08,000 ரூபாய் வரும். தீர்ப்பாயம் இழப்பை 60 சதவீதம் என்று தீர்மானித்தால் 30,24,000.

ஆகவே சதவீதத்தைவிட விவரம் முக்கியம். உங்கள் மணிக்கட்டை உள்பக்கமாக நன்றாக மடக்கிக்கொண்டு விரல்களை இறுக்கிப் பாருங்கள், பிடி தளர்ந்துவிடும். மணிக்கட்டு சற்றுப் பின்னோக்கி நிமிர்ந்தால்தான் பிடிக்கு முழு வலு கிடைக்கும். அந்த அசைவு போனவரால் சுத்தியலையும் இழைப்புளியையும் எப்படி ஆள முடியும்? மணிக்கட்டு எத்தனை பாகை அசைகிறது, பிடிவலு இடது கையோடு ஒப்பிட எவ்வளவு, எந்தக் கருவியைக் கையாள முடியவில்லை என்பதெல்லாம் அறிக்கையில் இருக்க வேண்டும். வெறும் ‘40 சதவீதம்’ என்ற ஒற்றை வரி குறுக்கு விசாரணையில் நிற்காது.

நான்காம் மாதத்தில் ‘நிரந்தரம்’ என்று எழுதியதும் அவசரம். எலும்பு கூடி, இயன்முறைப் பயிற்சி முடிந்து, இனி முன்னேற்றமில்லை என்ற நிலை வர வேண்டும். இத்தகைய முறிவுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும். அதுவரை இழப்பீட்டு மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். முதலில் மனு, பிறகு மதிப்பீடு.

முதல் நாள் மருத்துவமனையில் பதிந்த விபத்துப் பதிவேட்டு நகலை இப்போதே வாங்கிப் பாருங்கள். வலது, இடது மாறியிருந்தாலோ மணிக்கட்டுக் காயம் விடுபட்டிருந்தாலோ எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும். சிகிச்சையளித்த எலும்பு மருத்துவர் சாட்சியம் சொல்ல வருவாரா என்றும் கேட்டுவையுங்கள். அவர் வர இயலாவிட்டால், மருத்துவ வாரியத்துக்கு அனுப்பும்படி வழக்கறிஞர் மூலம் தீர்ப்பாயத்தில் கோரலாம்.